வெல்டர் எடுக்கும்போது எதைப் பார்ப்பது: சான்றிதழா, கை அனுபவமா?

பிரஷர் பைப்பிங், பாய்லர் வேலைக்கு வெல்டர் கேட்டால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து 6ஜி சான்றிதழ் வைத்திருப்பார். இன்னொருவருக்குப் பத்து வருட அனுபவம், காகிதம் ஏதும் இருக்காது.

சான்றிதழில் '6ஜி பாஸ்' என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து, சுழற்றாமல் வைத்துச் செய்யும் டெஸ்ட் அது. பொசிஷன் எல்லாம் அதில் அடங்கும், விட்டம் அடங்காது. வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதிநூலான ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9-இன்படி ஆறு அங்குல பைப்பில் பாஸானவருக்கு வெளிவிட்டம் 73 மி.மீ.க்குக் கீழே அனுமதி இல்லை. அவரை இரண்டு அங்குல லைனில் (60.3 மி.மீ.) விட்டால் ஜாயின்ட் செல்லாது. டிக் (ஆர்கான் வாயு வெல்டிங்), ஆர்க் (ராடு வெல்டிங்) இரண்டுக்கும் தகுதி தனித்தனி. அந்த முறையில் ஆறு மாதம் வெல்டு வைக்காவிட்டால் தகுதி போய்விடும். ஆகவே டெஸ்ட் தேதியை விட, கடைசியாக வேலை செய்த பதிவைக் கேளுங்கள்.

அனுபவம் என்றால், எதில் என்பதுதான் கேள்வி. கிரில், ஷெட் வேலையில் 6013 ராடோடு பழகிய கை ஆர்க்கை நீட்டியே பிடிக்கும். பிரஷர் வேலைக்கான 7018 ராடை அப்படிப் பிடித்தால் வெல்டில் காற்றுத்துளை விழும். ராடை ஓவன் அடுப்பில் காயவைக்காமல் எடுத்தாலோ ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் ஏறி, வெல்டு ஆறிய பிறகு விரிசல் விடும். பத்து வருடம் கிரில் வேலை என்பது இங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான்.

பாய்லர் டியூப் வேலை பார்த்தவர் வேறு ரகம். டெஸ்ட் பைப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடம் இருக்கும். சைட்டில் டியூப்களுக்கு இடையே டார்ச்சே நுழையாது. கண்ணாடியில் பார்த்து, கையை எதிர்ப்பக்கமாக ஓட்டும் பழக்கம் எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காது. இரண்டு டியூபையும் சேர்த்து வைக்கும் ஃபிட்டப் இடைவெளி ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 மி.மீ. என்று வந்தாலும் ரூட்டை (அடியில் ஓட்டும் முதல் வெல்டை) விடாமல் பிடிப்பது இந்தக் கைதான்.

அதனால் என் ஓட்டு பிரஷர் அனுபவத்துக்கே. ஆனால் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) கீழ் வரும் ஜாயின்ட்டைச் சான்றிதழ் இல்லாமல் தொடக் கூடாது; எனவே டெஸ்ட் கொடுத்து அவரைத் தகுதியாக்கிக்கொள்ள வேண்டும்.

டெஸ்டுக்கு இரண்டு அங்குல ஷெட்யூல் 80 பைப் (சுவர் 5.54 மி.மீ.) போதும். டிக் ரூட், 7018 ஃபில்லிங், 45 டிகிரி. பைப்பின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்: ரூட் உள்வாங்குவது அங்கேதான். டேக்கின் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டின்) இரு முனையையும் கிரைண்டரால் சரிவாக்காமல் ரூட் ஓட்டுபவரை அப்போதே நிறுத்திவிடலாம், எக்ஸ்ரே செலவாவது மிஞ்சும்.