புதுப்பேட்டை சந்துக்கடையில புல்லட் டியூனிங்: நம்பிப் போகலாம்

வண்டி பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டர், மிக்கார்ப் கம்பெனியோடது. போன வருஷம் எங்க ஏரியாவுல ஒருத்தர்கிட்ட 'மைலேஜ் செட்டிங்' வைக்கச் சொன்னேன். பெட்ரோலைச் சுருக்கிக் குடுத்துட்டாரு. ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல படபடன்னு வெடி. மேம்பாலம் ஏற மூச்சு வாங்குது. பிளக்கைக் கழட்டினா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. மைலேஜாவது வந்துச்சான்னா, லிட்டருக்கு 30 தாண்டல. எப்படி வரும்? இழுவை இல்லாத வண்டிய இன்னும் முறுக்கித்தானே ஓட்டுறோம்.

சென்னை புதுப்பேட்டையில போர்டு கூட இல்லாத இந்தக் கடைக்கு ஒரு நண்பர் அனுப்பி வெச்சார். கடை மெக்கானிக் பாய் கார்ப்பரேட்டர்ல உடனே கை வைக்கல. ஏர் ஃபில்டர், டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் கேப் (ஸ்பார்க் குடுக்குற பாயிண்டோட இடைவெளி) எல்லாம் பாத்துட்டு, கார்ப்பரேட்டர் இன்ஜின் ஹெட்ல சேர்ற இடத்துல காத்து இழுக்குதான்னும் பாத்தாரு. "இதெல்லாம் விட்டுட்டு ஸ்க்ரூவ மட்டும் திருகினா ஒரு வாரம்கூட நிக்காது தம்பி"ன்னாரு. அப்புறம், இன்ஜின் நல்லா சூடாகட்டும்னு என்னையே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரச் சொன்னாரு.

கார்ப்பரேட்டர்ல காத்து அளவை மாத்துற ஏர் ஸ்க்ரூவ மெதுவா முழுசா உள்ள இறக்கி, ஒன்றரை சுத்து வெளிய எடுத்தாரு. அங்கேருந்து கால் கால் சுத்தா, காதை வண்டிப் பக்கம் சாய்ச்சுக்கிட்டே. ஐட்லிங் எந்த இடத்துல அதிகமா ஏறுதோ அங்க நிறுத்திட்டு, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால இறக்கினாரு. திரும்ப அதே வேலை. இந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கும் லேசான முறுக்கலுக்கும் மட்டும்தான். நடு ஓட்டத்துல பெட்ரோலைப் பாத்துக்கிறது நீடில்ங்கிற ஊசி, முழுசா முறுக்கினா மெயின் ஜெட்ங்கிற பெட்ரோல் துளை.

நீடில் கிளிப்பை ஒரு காடி கீழ மாத்தினாரு. நீடில் மேல ஏறும், பெட்ரோல் கொஞ்சம் கூடும். மைலேஜ் கேட்டு வந்தவனுக்கு பெட்ரோலைக் கூட்டுறாரேன்னு பதறினேன். ஆனா கணக்கு சரிதான். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இப்ப பங்க்ல வர்ற இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டா பழைய செட்டிங்ல காத்துதான் மிஞ்சும்.

கடைசியா ஒரே வேகத்துல ஓட்டி, கிளட்ச்சைப் பிடிச்சு சாவிய ஆஃப் பண்ணி, அங்கயே பிளக்கைக் கழட்டிப் பாத்தாரு. பிஸ்கட் கலர். இப்போ 36 கிடைக்குது, வெடி நின்னுடுச்சு, மேம்பாலத்துல டாப் கியர்லேருந்து இறக்க வேண்டியதில்ல.

குறையும் இருக்கு. அரை நாள் போயிடும், உக்கார இடம் கிடையாது, பில் கேட்டா சிரிப்பாரு. கூலி 450, பேரம் நடக்காது. பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) வண்டி வெச்சிருக்கவங்க அலைய வேண்டாம். கார்ப்பரேட்டருக்குப் பதிலா இருக்கிற இன்ஜெக்‌ஷன்ல திருக ஸ்க்ரூவே இல்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு. சனிக்கிழமை தவிர்த்து, காலையில கடை திறக்கும்போதே போயிடுங்க.