தடுப்பூசி அட்டையைக் காட்டி நோய் பிடித்த நாய்க்குட்டியை விற்கிறார்கள்: 16,500 ரூபாய் போச்சு

மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கம் யாராவது ஆன்லைன் விளம்பரம் பார்த்து நாய்க்குட்டி வாங்கப் போறீங்கன்னா, காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. என் தங்கச்சி வீட்டுக்கு வாங்கின லேப் (லேப்ரடார்) குட்டி நேத்து செத்துப் போச்சு. பார்வோ, நாய்க்குட்டிங்க குடலைத் தாக்குற வைரஸ் நோய். குட்டிக்கு மட்டும் 16,500 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி, அதை இதுல சேர்க்கவே இல்லை.

ஆப் பேரும் போடல, ஆள் பேரும் போடல. பழைய சாமான் வாங்கி விக்கிற ஆப்தான். பைக், கட்டில், ஃபிரிட்ஜ் விளம்பரத்துக்கு நடுவுல நாய்க்குட்டியும் கிடக்கும். விக்கிறவன் களியக்காவிளைக்கு அங்கிட்டு கென்னல் (நாய்ப் பண்ணை) வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கான். தங்கச்சி கேட்க வேண்டியதை எல்லாம் சரியாத்தான் கேட்டிருக்கா. தாய் நாயைப் பாக்கணும்னு கேட்டா. "குட்டி போட்ட நாயாக்கும் அக்கா, வேற ஆள் வந்தா கடிக்கும்"னு சொல்லி, தாய் படுத்து பால் கொடுக்கிற வீடியோ அனுப்பினான். வயசு கேட்டா, 50 நாள்னான். ஊசி கேட்டா, போட்டாச்சுன்னான். யூபிஐயில 4,000 அட்வான்ஸ், மீதி 12,500 குட்டியைக் கையில வாங்கும்போது. மொத்தம் 16,500.

குட்டியைக் கொடுத்தது மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில, அட்டைப்பெட்டியில வச்சு. அங்கதான் அவன் நம்ப வச்சது. பைக் சீட்டு மேல தடுப்பூசி அட்டையை விரிச்சான். உள்ளே ஒரு ஸ்டிக்கர், பக்கத்துல தேதி, கீழே ஊதா மையில ஒரு சீல், கிறுக்கலா ஒரு கையெழுத்து. ஸ்டிக்கரை நகத்தால தட்டிக் காட்டி, "பாருங்க அக்கா, பார்வோவுக்கு உள்ள ஊசி போட்டாச்சு, ஒண்ணும் பயப்படாண்டாம்"னு சொல்லியிருக்கான். ஸ்டிக்கர் ஒட்டின அட்டையைக் கண்ணால பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மீதி காசும் அங்கேயே போயிடுச்சு.

அந்த அட்டை இப்ப என் கையில இருக்கு. நாய் வளர்க்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதுலதான் இருக்கு. ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பார்வோ ஊசியோடதே இல்லை. பொடி எழுத்துல ரேபிஸ்னு அச்சடிச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல பேனாவால பார்வோன்னு எழுதி வச்சிருக்கான். வெறிநாய்க்கடிக்கான ஊசியை மூணு மாசம் ஆகாத குட்டிக்குப் போட மாட்டாங்க. பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ்னு நாய்க்கு வர்ற நோய்களுக்கு எல்லாம் சேர்த்துப் போடுற கூட்டு ஊசியைத்தான் முதல்ல, 6 முதல் 8 வாரத்துக்குள்ள போடுவாங்க. அந்த ஊசி சின்ன பாட்டில்ல உலர்ந்த மருந்தா இருக்கும், கூட இன்னொரு பாட்டில்ல கலக்குற தண்ணி. பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டுற லேபிள்ல மருந்து பேர், பேட்ச் நம்பர், காலாவதி மாசம் எல்லாம் இருக்கும். சீல்ல டாக்டரோட பதிவு எண் இருக்கணும். இந்த அட்டை சீல்ல ஊர்ப் பேர்கூட இல்லை. சில நூறு ரூபாய் ஊசியை மிச்சம் பிடிக்க ஒரு உயிரைக் கொன்னிருக்கான்.

வயசும் பொய். எட்டு வாரம் ஆகப்போற லேப் குட்டின்னா நாலு கிலோவுக்குக் கிட்ட இருக்கணும். இது ரெண்டே கால் கிலோ. பால் பல் 28-ம் ஏறக்குறைய முளைச்சிருக்க வேண்டிய வயசுல, பின்பக்க ஈறு வழவழன்னு கிடந்தது. அஞ்சு வாரம் இருந்தா அதிகம். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு 2017-ல வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது. அந்த விதி சும்மா வந்தது இல்லை. அவ்வளவு சீக்கிரம் தாய்ப்பாலை விட்டுப் பிரிச்சு, பெட்டியில அடைச்சு, பைக்ல கொண்டு வந்தா, உள்ளே இருக்கிற நோய் தலைதூக்கத்தான் செய்யும்.

வந்த மறுநாள் காலையிலேயே பால் குடிக்கல. மத்தியானம் மஞ்சளா நுரை வாந்தி. ராத்திரி ரத்தத்தோட பேதி. அந்த வாடை தனி, ஒரு தடவை அடிச்சா மறக்காது. டாக்டர் மலத்தை எடுத்து பார்வோ டெஸ்ட் கிட்டுல சொட்டு விட்டார், பத்து நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது கோடு அழுத்தமா விழுந்துடுச்சு, அப்படின்னா பார்வோதான். பார்வோ வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்புல நீர் வத்தாம ரிங்கர் லாக்டேட் ட்ரிப் ஏத்தணும், வாந்தியை நிறுத்தணும், குடல் சுவர் அரிச்சுப் போறதால ரத்தத்துல பாக்டீரியா கலக்காம ஆன்டிபயாடிக் கொடுக்கணும். தானா எதிர்ப்புச் சக்தி வர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கிறதுதான் வைத்தியமே. ரெண்டே கால் கிலோ குட்டிக்கு அந்த அவகாசம் கிடைக்கல. முன்னங்கால்ல ஊசி குத்த நரம்பு தேடும்போதும் அது டாக்டர் விரலை நக்கிட்டே இருந்தது.

இனி அவன் சொன்ன சமாதானங்களைக் கேளுங்க. முதல் போன்ல, "யாத்திரை அலுப்பாக்கும், கருக்கு வெள்ளம் (இளநீர்) குடுங்க, சரியாயிரும்." வாந்தி எடுக்கிற குட்டி வாயில எதை ஊத்தினாலும் நுரையீரலுக்குள்ள போயிடலாம், இது நாய் விக்கிறவனுக்குத் தெரியாதா? அடுத்த போன்ல, "நீங்க பசும்பால் குடுத்திருப்பிய." கிட் ரிசல்ட் போட்டோ அனுப்பின பிறகு, "உங்க வீட்டு மண்ணுல உள்ள கிருமி." இதுதான் எனக்கு ஆத்திரம். பார்வோ உடம்புக்குள்ள போய் நோயா வெளியே தெரிய குறைஞ்சது மூணு நாள், சாதாரணமா ஒரு வாரம் வரைக்கும் ஆகும். வந்த மறுநாளே வாந்தி எடுத்த குட்டிக்கு நோய் எங்க இருந்து வந்திருக்கும்? அவன் கூண்டுலேயே வந்தது. இதைச் சொன்னதும் போன் கட். அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டான். 16,500 ரூபாய் வாங்கின வாய், ஒரு வார்த்தை "பாவம்"னு கூடச் சொல்லல.

ஆப்ல புகார் கொடுத்தோம். வாங்குறவரையும் விக்கிறவரையும் சேர்த்து வைக்கிறது மட்டும்தான் எங்க வேலைன்னு தானியங்கி பதில். திருப்பி எழுதினா, புகார் முடிக்கப்பட்டதுன்னு வந்துச்சு. எப்படி முடிஞ்சது, யார் பார்த்தாங்க? ஒண்ணுக்கும் பதில் இல்லை. சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் பண்ணிப் பதிஞ்சாச்சு, 1915 நுகர்வோர் உதவி எண்லயும் சொல்லியாச்சு. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துலயும் வழக்குப் போடப் போறோம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, 16,500 தானேன்னு விடுறதா இல்லை.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். தாய் நாயை அது கிடக்கிற இடத்துலேயே போய்ப் பாருங்க. வீடியோ வேண்டாம், பாலத்தடி, பஸ் ஸ்டாண்டுல கைமாத்துறதும் வேண்டாம். அட்டையை டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிக் கேட்ட பிறகு காசு கொடுங்க. ஒரு ஊசி போட்டாச்சுன்னாலும் நிம்மதியா இருக்காதீங்க. தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசி மருந்தை வேலை செய்ய விடாம தடுக்கலாம், அதனாலதான் 16 வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடுறது. அது முடியிற வரைக்கும் குட்டியைத் தெருவுல விடாதீங்க.

ஏற்கனவே வீட்டுல பார்வோ வந்திருந்தா ஃபினாயில் ஊத்திக் கழுவி ஏமாறாதீங்க, அதுக்கு இந்த வைரஸ் சாகாது. முதல்ல அழுக்கைச் சுத்தமா கழுவிட்டு, வீட்டு பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி பத்து நிமிஷம் ஊற விடணும். ரப்பர் மரத்து நிழல்ல ஈரம் காயாம கிடக்கிற நம்ம ஊர் மண்ணுல இது மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அங்க பிளீச்சும் எடுபடாது. அதனால இப்போதைக்கு தங்கச்சி வீட்டுக்கு வேற குட்டி கொண்டு வரல.

அதே ஈத்துல இன்னும் குட்டிகள் வித்துப் போயிருக்கு. வெளிர் மஞ்சள் லேப், அட்டைப்பெட்டி, ஊதா சீல் போட்ட அட்டை. இப்படி யாராவது இந்த வாரம் வாங்கியிருந்தா, குட்டி துள்ளி விளையாடினாலும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. அட்டையில இருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, வழக்குல சேர்த்துக்கலாம்.