ராடு இருக்கிறதா என்று கேட்டுத்தான் புது ஹீட்டர் வாங்கினேன்

நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஹீட்டர் ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. புதுசு ஆன்லைன்ல வாங்கவா, கடையில வாங்கவா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்புதான் நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பழைய ஹீட்டரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. 25 லிட்டர், 2 கிலோவாட், டேங்க் வைத்த சாதாரண மாடல். ஆறு வருடத்துக்கு முன் ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி ஒரு மூலைகூட நசுங்காமல் வந்தது, விலையும் கடையைவிடக் குறைவு. சுவிட்ச் போட்டால் அரை மணி நேரத்தில் குளிக்கலாம். அதைவிட, அது சூட்டைப் பிடித்து வைத்திருந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரவு அணைத்துவிட்டுப் படுத்தால் விடிந்ததும் திறக்கிற குழாயில் சூடாகவே தண்ணீர் வரும். பல நாள் காலையில் சுவிட்சைத் தொடாமலே முதல் ஆள் குளித்து முடித்ததுண்டு. ஆறு வருடத்தில் தண்ணீரைச் சுட வைக்கிற எலிமெண்ட் போகவில்லை, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் போகவில்லை.

டேங்க் போனது. அதுவும் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஒழுகுகிறது என்று வந்து பார்த்தவர் கீழ் மூடியைக் கழற்றினார். எலிமெண்டுக்குப் பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு மெக்னீசியம் ராடு இருந்திருக்க வேண்டும். வெளியே வந்தது ஒரு மெல்லிய கம்பி, அதன் மேல் நாலு துணுக்கு. "இதை மாத்தவே இல்லையா சார்?" என்றார். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

டேங்க் இரும்பு. உள்ளே கண்ணாடி மாதிரி எனாமல் பூசியிருக்கிறார்கள். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசிமுனை அளவுக்கு இடைவெளி இருக்கும், அந்த இடத்தில் தண்ணீர் இரும்பைத் தொடும். மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடக்கூடிய உலோகம். அதனால் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைகிறது, இரும்பு தப்பிக்கிறது. ராடு தீர்ந்துவிட்டால் அடுத்து டேங்க்தான். தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், ராடும் வேகமாகக் கரையும். எங்கள் வீட்டில் வருவது நல்ல உப்புத் தண்ணீர். போதாததற்கு ஆறு வருடமும் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகியை முழுச் சூட்டிலேயே வைத்திருந்தேன். சூடு ஏற ஏறச் சுண்ணாம்புப் படிவும் கூடும், அரிப்பும் கூடும். 60 டிகிரியே போதும், கிருமி வளராமல் இருக்கவும் அந்தச் சூடு வேண்டும். அதற்கு மேல் வைப்பதில் நமக்கு லாபம் எதுவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் ஹீட்டர் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி ஒரு வருடமாகச் சுடும்போது உள்ளே 'டொக், டொக்' என்று சத்தம். அது படிவு. கடைசி சில வாரங்கள் காலையில் முதலில் வரும் சுடுதண்ணீர் பழுப்பாக இருந்தது, பச்சைத்தண்ணீர்க் குழாயில் தெளிவாக வந்தது. அது துரு. சுடுதண்ணீரில் மட்டும் நிறம் மாறினால் சந்தேகம் ஹீட்டர் மேல்தான் போக வேண்டும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

சரி, டேங்குக்கு ஏழு வருட வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் எண்ணுக்குப் பேசினேன். மூன்று காரணம் சொல்லி மறுத்தார்கள். பில்லில் சீரியல் எண் இல்லை. பில் கொடுத்த விற்பனையாளர் அவர்கள் பட்டியலில் இல்லை. ராடு மாற்றியதற்கு அத்தாட்சி இல்லை. மூன்றாவது காரணம் நியாயம், அதை ஒப்புக்கொள்கிறேன். கையேட்டில் பொடி எழுத்தில் 'ஆண்டுதோறும் பரிசோதிக்கவும்' என்று இருக்கிறது, நான் படிக்கவில்லை. ஆனால் முதல் இரண்டும் நான் செய்த தவறா? ஆன்லைன் தளத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனியின் பெயர். உண்மையில் விற்றவர் யாரோ ஒருவர். அவர் பெயரில் இப்போது அந்தத் தளத்தில் கடையே இல்லை. பொருத்திக் கொடுக்க வந்தவருக்கும் விற்றவருக்கும் சம்பந்தம் இல்லை. அவர் மாட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். "வருஷம் ஒரு தடவை ராடைப் பாருங்க" என்ற ஒரே ஒரு வரியைச் சொல்ல, விற்ற இடத்தில் ஒரு மனிதர் இல்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான். சின்ன உதிரி பாகம், ஒரு மணி நேர வேலை. அது நடக்காமல் முழு ஹீட்டரும் குப்பைக்குப் போனது.

அதனால் இந்த முறை மாடலைப் பார்த்துவிட்டு இடம் தேடவில்லை. இடத்தைத்தான் முதலில் தேடினேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "இந்த ஹீட்டருக்கு ராடும் கேஸ்கெட்டும் உங்ககிட்ட கிடைக்குமா?" கேஸ்கெட் என்பது மூடி ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்.

பெரிய ஷோரூமில் அடுக்கடுக்காக ஹீட்டர்கள் இருந்தன. கேட்டதும் விற்பனைப் பையன் எலிமெண்டைக் காட்டினான். கம்பெனியின் சொந்த விற்பனை நிலையத்தில் பதில் மரியாதையாகத்தான் வந்தது, "புகார் பதிவு பண்ணுங்க, ஆள் வருவாங்க" என்றார்கள். அதில் தப்பில்லை. ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை. மூன்றாவது, குழாய், வால்வு எல்லாம் விற்கிற சின்ன ஹார்ட்வேர் கடை. அவர் எதுவும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து மூன்று ராடுகளை எடுத்து மேசையில் வைத்தார். "நீளமும் மரையும் மாடலுக்கு மாடல் மாறும், உங்களுக்கு இது" என்று ஒன்றைத் தனியாகத் தள்ளினார். அப்புறம், "உங்க தண்ணிக்கு வருஷா வருஷம் திறந்து பாத்துடுங்க. மூடியைத் திறந்தா கேஸ்கெட்டையும் மாத்திடணும், பழசையே போட்டா ஒழுகும்" என்றார். அங்கேயே வாங்கிவிட்டேன். பில்லில் மாடல் எண், சீரியல் எண், தேதி மூன்றையும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்.

இப்போது குறைகள். அவரிடம் இருந்தது இரண்டே மாடல். எனக்குப் பிடித்த பழைய கம்பெனி இல்லை. ஆன்லைனைவிட விலை அதிகம், பேரம் பேசியும் பெரிதாகக் குறையவில்லை. இன்றைக்கு வருவார் என்ற பிளம்பர் மூன்று நாள் கழித்து வந்தார், அதுவரை அடுப்பில்தான் தண்ணீர் காய்ந்தது. வந்தவர் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்து, "அடைச்சு விட்டுடட்டுமா?" என்றார். அடைக்கவே கூடாது. தண்ணீர் சுடும்போது விரியும். 25 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சினால் கால் லிட்டருக்கு மேலேயே கூடுதலாகும், அது வெளியேற வழி வேண்டும். அடைத்தால் அழுத்தம் முழுக்க டேங்குக்குள் நிற்கும். ஒரு சின்னக் குழாய் வைத்து வடிகாலுக்கு விடச் சொன்னேன், செய்தார். கடைக்காரருக்கு இருந்த அக்கறை அவர் அனுப்பிய ஆளுக்கு இல்லை.

புது ஹீட்டர் சூட்டைப் பிடித்து வைப்பதில் பழையதுக்குப் பக்கத்தில்கூட வராது. காலையில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. தினமும் ஒரு தடவை பழையதை நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் சொன்னார்: "அப்போ அந்தப் பழைய மாடலையே ஆன்லைன்ல வாங்கி, ராடை மட்டும் உங்க கடைக்காரர்கிட்ட வாங்கிப் போட்டா என்ன?" கணக்குப்படி அவர் சொல்வது சரி. நல்ல பொருள், குறைந்த விலை, ராடைப் பற்றியும் இப்போது தெரியும். நேற்று இரவு நானே பார்த்தேன், புது ஹீட்டருக்கு நான் கொடுத்த விலையைவிட அந்த மாடல் குறைவாகவே இருக்கிறது. ஆனாலும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக்கே போங்கள் என்றுதான் சொன்னேன். போகும்முன் சுவரில் இருக்கிற இரண்டு கொக்கிக்கும் இடைவெளி எவ்வளவு, தண்ணீர் உள்ளே போகிற குழாய்க்கும் வெளியே வருகிற குழாய்க்கும் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் அளக்காமல் போனதால் சுவரில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது.