பைல் கிளவுடிலா, ஆபீஸ் சர்வரிலா? ஒரு திருப்பூர் அலுவலகத்தின் கணக்கு

பின்னலாடை ஏற்றுமதியில் ஓர் ஆர்டர் முடிவதற்குள் ஒரு பாக்ஸ் பைல் நிரம்பிவிடும். பையரின் பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.), நூல் பில், நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் போய்வந்த சலான்கள், லேப் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பேங்க் பேப்பர் என்று சேர்ந்துகொண்டே போகும். சரக்கு கப்பல் ஏறியதும் தூக்கிப் போடவும் முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டம் 8 நிதியாண்டு கேட்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தபோது இரண்டு வழி இருந்தது: ஜோஹோ ஒர்க்டிரைவ் போன்ற கிளவுட் சேவை, அல்லது ஆபீஸிலேயே ஒரு சர்வர் வைத்து அதில் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மென்பொருள். நாங்கள் கிளவுடுக்குப் போனோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கிளவுடுக்கு ஆள் கணக்கில் சந்தா, நிறுத்தாமல் கட்ட வேண்டும். சர்வருக்கு முதலிலேயே மொத்தமாகச் செலவு, அப்புறம் டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி என்று அவ்வப்போது. உங்கள் ஆள் எண்ணிக்கையை வைத்து அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டுவிடலாம். வேகத்தில் ஆபீஸ் சர்வர்தான் ஜெயிக்கும். இன்டர்நெட் போனாலும் லேனில் (ஆபீஸின் உள் நெட்வொர்க்கில்) பைல் திறக்கும்.

மென்பொருளும் குறை சொல்கிற மாதிரி இல்லை. பேப்பர்லெஸ் இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஸ்கேனர் போட்டு வைக்கும் பிடிஎஃபைத் தானே எடுத்து, டெசராக்ட் என்ற எழுத்தறியும் மென்பொருள் மூலம் எழுத்தைப் படித்து, தேடும்படி அடுக்கிவிடும். தமிழையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் அதிகம் தேடுவது ஜாப் ஒர்க் சலான், அதாவது வெளி வேலைக்கு அனுப்பும் துணியோடு போகும் சீட்டு. வெளியே போன துணி ஓராண்டுக்குள் திரும்பியதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! அதுவோ கையால் கிறுக்கியது. சலான் எண்ணை யாராவது உட்கார்ந்து டைப் அடித்துத்தான் ஆக வேண்டும். இந்த விஷயத்தில் கிளவுடும் ஒன்றும் கிழித்துவிடவில்லை.

இவ்வளவு இருந்தும் சர்வரை விட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: அதைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை.

பேக்கப் பற்றிக் கேட்டால் சர்வர் விற்பவர், "ரெய்டு போட்டிருக்கு சார், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு இருக்கும்" என்பார். ஒரே பைலை இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு அது, டிஸ்க் பழுதுக்கு மட்டும் சரி. யாராவது போல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே அழியும். பைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். ஆகவே தனியாக பேக்கப் வேண்டும், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பேப்பர்லெஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிடிஎஃப்கள் சாதாரண போல்டரில் கிடக்கும், ஆனால் டேக், சப்ளையர் பெயர், தேதி எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். போல்டரை மட்டும் காப்பி எடுத்தால் பைல் மிஞ்சும், அடுக்கி வைத்த உழைப்பு போய்விடும். இதற்கென்றே எக்ஸ்போர்ட் கட்டளை ஒன்று இருக்கிறது. அது தினமும் ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

அடுத்தது அப்டேட். பேப்பர்லெஸுக்கு டேட்டாபேஸாக வைக்கும் போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பு மாறினால், பழைய டேட்டா போல்டரைப் புதியது அப்படியே திறக்காது. டம்ப் (மொத்த நகல்) எடுத்து ஏற்றுவதோ, அதற்கான கருவியை வைத்து மாற்றுவதோ தெரிந்தவருக்குச் சின்ன வேலைதான். தெரியாதவர் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி வைத்தால், மறுநாள் காலை ஒரு சலானும் கிடைக்காது. சரி, அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டிகளை) டெட்போல்ட் ரான்சம்வேர் தாக்கியபோது மாட்டியவை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்திருந்தவை. முதலாளி வீட்டிலிருந்து பைல் பார்க்க வேண்டும் என்பார், சர்வீஸ் பையன் ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடுவார். நம்மூரில் நடக்காததா என்ன?

இதற்கெல்லாம் மேலே, பேக்கப்பிலிருந்து நிஜமாகவே திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களில் பிரிண்டர், சிசிடிவி, பயோமெட்ரிக் பார்க்கிற அதே பையன்தான் சர்வரையும் பார்ப்பார். அவர் வேறு வேலைக்குப் போனால் பாஸ்வேர்டும் கூடவே போகும். கிளவுட் சந்தாவை இந்த வேலைகளுக்கான சம்பளம் என்றே நான் மனதில் எழுதிக்கொள்கிறேன்.

கிளவுட் என்றதும் காலை நீட்டித் தூங்கிவிடவும் முடியாது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறு இடத்தில் பேக்கப் வைக்காதவர்கள் டேட்டாவை இழந்தார்கள். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டிக்குப் போன பைல் 30 நாளில் அழியும், மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டில் 93 நாள். பைல் காணோம் என்பது ஆடிட்டின்போது தெரியவந்தால் இந்த அவகாசம் எந்த மூலைக்கு? அழிக்கும் உரிமையை ஓரிருவரிடம் மட்டும் வையுங்கள். மர்ச்சண்டைசர்கள் (ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்கள்) சொந்த போல்டரில் போடாமல் டீம் போல்டரில் போடட்டும், அப்போதுதான் ஆள் மாறினாலும் பைல் நிறுவனத்திடம் இருக்கும்.

கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2022-ல் திருத்திய விதிப்படி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கிளவுட் சேவையின் பெயர், ஐபி முகவரி, இடம் போன்றவற்றை ஆண்டுதோறும் கம்பெனி ரெஜிஸ்ட்ராருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஜோஹோவின் இந்தியக் கணக்குகளுக்கு டேட்டா இங்கேயே இருப்பதால் எங்களுக்குச் சுலபமானது. வெளிநாட்டுச் சேவை என்றால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடி துறையே வைத்திருக்கும் பெரிய மில்லுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அப்படி ஆள் இருந்திருந்தால் நானே சர்வர் பக்கம் போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. கிளவுடை விட்டு வெளியேற வேண்டிய நிலையும் எங்களுக்கு இதுவரை வரவில்லை. மொத்தமாக டவுன்லோட் செய்தால் பைல் வந்துவிடும், டேக்கும் அப்ரூவலும் பழைய வெர்ஷனும் கூடவே வரும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் ஆர்டர் எண், சலான் எண், தேதி மூன்றையும் பைல் பெயரிலேயே போட்டுவிடுகிறோம். மாதாமாதம் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பியும் எடுக்கிறோம், டேலி பேக்கப்பும் அதிலேயே போகிறது.