எல்க் வேட்டை: கூட்டத்தைக் குறைக்கும் வழி வேறு, மானைப் பெருக்கும் வழி வேறு

அமெரிக்காவில் எந்த மாநிலத்தையும்விட கொலராடோவில்தான் எல்க் மான்கள் அதிகம். சுமார் 2,80,000 இருக்கும் என்பது மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீடு. ஆனால் செப்டம்பரில் அங்கே மலையேறப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மான் இல்லை, பிக்கப் வண்டிகள். விடிகாலை நாலரை மணிக்கே காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. டெக்சாஸ், மினசோட்டா, விஸ்கான்சின் என்று பல ஊர் நம்பர் பிளேட். மேலே சரிவில் வரிசையாகத் தலைவிளக்குகள் ஏறிக்கொண்டிருக்கும். அது இணைசேரும் பருவம். ஆண் எல்க் விசிலும் ஊளையும் கலந்த மாதிரி ஒரு சத்தம் போடும். வேட்டைக்காரர்கள் ஒரு குழாயை வாயில் வைத்து அதே சத்தத்தைக் கொடுத்து அதைக் கூப்பிடுவார்கள். எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தால் அது மானாகவும் இருக்கலாம், குழாயோடு நிற்கும் இன்னொரு ஆளாகவும் இருக்கலாம்.

பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர்களிடம் இரண்டு புகார்கள் உண்டு. ஆள் அதிகம், மான் குறைவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்கிற நினைப்பில். அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் மலை மாநிலங்களில் நடப்பில் இருக்கும் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இதனால் காட்டில் ஆள் குறைகிறதா? அடுத்த கோடையில் குட்டி கூடுகிறதா?

(1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு, வேட்டைக்காரனே மான் குறைகிறது என்று கவலைப்படுவது விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் மாநில வனவிலங்குத் துறைகளின் செலவில் பெரும்பங்கு வேட்டை லைசென்ஸ் பணத்திலிருந்தும், 1937-இல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா, வில் மீது போடும் வரியிலிருந்தும்தான் வருகிறது. பின்னால் இந்தப் பணம் மறுபடி குறுக்கே வரும்.)

கவுண்டரில் வாங்கும் லைசென்ஸ்

கொலராடோவின் பழைய வழி இது. ஓவர் த கவுண்டர், சுருக்கமாக ஓடிசி என்று சொல்வார்கள். கடைக்குப் போய்ப் பணம் கட்டினால் லைசென்ஸ் கையில். எத்தனை பேருக்கு என்ற வரம்பே கிடையாது. புதிதாக வேட்டை பழகுகிறவருக்கும், அடுத்த வாரம் லீவு கிடைக்குமா என்று தெரியாத தொழிலாளிக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. துறைக்கும் லாபம். உள்ளூர்க்காரர் ஏறக்குறைய 60 டாலர் கட்டும் இடத்தில் வெளிமாநிலத்தார் 700 டாலருக்கு மேல் கட்டுகிறார்.

கூட்டத்தைப் பொறுத்தவரை இது தோற்றுப்போன வழி. அதில் வாதத்துக்கு இடமில்லை. பக்கத்து மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தச் சாத்த, திறந்திருந்த ஒரே பெரிய வாசல் கொலராடோ என்றானது.

மந்தையைப் பொறுத்தவரை கதை அவ்வளவு நேரானது இல்லை. கவுண்டரில் கிடைக்கும் ரைஃபிள் லைசென்ஸ் ஆண் மானுக்கு மட்டும். அதிலும் பெரும்பாலான இடங்களில் ஒரு கொம்பிலாவது 4 கிளை இருக்க வேண்டும், இல்லையென்றால் புருவக்கிளை, அதாவது கொம்பின் அடியில் முளைக்கும் கிளை, 5 அங்குலமாவது இருக்க வேண்டும். ஓர் ஆண் பல பெண் மான்களோடு சேரும் இனம் இது. ஆணைச் சுடுவதால் மந்தையில் கொம்புள்ளது குறையும், குட்டி அவ்வளவாகக் குறையாது. வில் லைசென்ஸில் பல இடங்களில் பெண் மானையும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வில்லோடு பத்துப் பேர் போனால் ஒருவர், மிஞ்சினால் இருவர் மானோடு திரும்புகிறார்கள். காட்டை நிரப்பும் கூட்டமும் மந்தையைக் கரைக்கும் காரணமும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே முதல் அத்தாட்சி.

குலுக்கல், அதிலும் இரண்டு வகை

அடுத்த வழி, இத்தனை லைசென்ஸ்தான் என்று எண்ணிக்கை வைத்து விண்ணப்பம் வாங்குவது. கொலராடோ 2025-இலிருந்து ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநில வில் வேட்டைக்காரர்களை இதற்குள் கொண்டுவந்துவிட்டது. உள்ளூர்க்காரருக்கு வில் லைசென்ஸ் இன்னும் கவுண்டரில் உண்டு. ஒரிகனும் கிழக்குப் பகுதியில் பல யூனிட்டுகளில், அதாவது துறை பிரித்து எண்ணோ பெயரோ கொடுத்த வேட்டைப் பகுதிகளில், 2022-இலேயே வில் வேட்டையைக் குலுக்கலுக்கு மாற்றியது.

குலுக்கல் என்று ஒரே பெயரில் சொன்னாலும், பாயிண்ட் சேர்க்கும் முறையும் வெறும் அதிர்ஷ்டக் குலுக்கலும் எதிரெதிர் குணம் உள்ளவை. கொலராடோவில் விண்ணப்பித்துக் கிடைக்காத வருடத்துக்கு ஒரு பாயிண்ட். அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவருக்கு முதல் உரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ரேஷன் கடை வரிசை மாதிரி. ஆனால் வரிசையில் புதிதாகச் சேருகிறவர்கள், சரக்கு வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவர்களைவிட வருடா வருடம் அதிகம். எனவே ஓர் இடத்துக்குத் தேவையான பாயிண்ட் ஏறிக்கொண்டே போகிறது. வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்ற யூனிட்டுகளுக்கு வெளிமாநிலத்தார் 20-க்கு மேல் பாயிண்ட் வைத்திருக்க வேண்டும். இன்றைக்குச் சேரத் தொடங்கும் ஒரு நாற்பது வயதுக்காரர் அந்த யூனிட்டை மறந்துவிடலாம். அறுபதில் அவர் கையில் 20 பாயிண்ட் இருக்கும்போது தேவை அதையும் தாண்டியிருக்கும்.

நியூ மெக்சிகோவில் பாயிண்டே கிடையாது. ஐடஹோவின் குலுக்கல் வேட்டைகளிலும் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புகிறார்கள். வயோமிங் வெளிமாநிலத்தாருக்கு இடையில் ஒரு வழி வைத்திருக்கிறது: 75 சதவீதம் பாயிண்ட்படி, 25 சதவீதம் அதிர்ஷ்டப்படி. என்னைக் கேட்டால் நியூ மெக்சிகோ செய்வதே சரி. பாயிண்ட் முறை பழைய ஆட்களுக்குக் கொடுத்த வாக்கு; அதைக் காப்பாற்றவும் முடியவில்லை, கைவிடவும் முடியவில்லை.

அப்புறம் ஐடஹோவின் பழைய பரீட்சை ஒன்று. வெளிமாநிலத்தாருக்கான பொது சீசன் டேக்குகளுக்கு, அதாவது மானை எடுக்க அனுமதிக்கும் சீட்டுகளுக்கு, ஒரு வரம்பு வைத்து, டிசம்பரில் ஆன்லைனில் முந்துகிறவருக்கு என்று விற்றார்கள். காலையில் கணினி முன் உட்கார்ந்து வரிசை எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 2026 சீசனுக்கு ஐடஹோவும் அதை விட்டுக் குலுக்கலுக்கு மாறிவிட்டது.

சரி, குலுக்கல் வந்தால் ஆள் குறைகிறதா? அந்த யூனிட்டில் குறையும், பக்கத்து யூனிட்டில் கூடும். கொலராடோவின் தென்மேற்கில் சில யூனிட்டுகளை முன்பே வில் வேட்டைக்கு வரம்புக்குள் கொண்டுவந்தபோது, டேக் கிடைக்காதவர் வீட்டில் உட்காரவில்லை. கவுண்டரில் கிடைக்கும் அடுத்த மலைக்கு வண்டியைத் திருப்பினார். இப்போதும் அதே ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வில்லுக்குத்தான் வரம்பு, இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் சீசன்கள் பல யூனிட்டுகளில் இன்னும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. செப்டம்பரில் டேக் கிடைக்காதவர் அக்டோபர் கடைசியில் ரைஃபிளோடு வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். அரைகுறையாக வைக்கும் குலுக்கல் கூட்டத்தை நகர்த்தும், கரைக்காது.

ஆளைக் குறைக்காமல் நிலத்தைக் கூட்டினால்?

வரம்பு வைப்பதற்கு எதிர்க்கட்சி இது. ஆள் அதிகமில்லை, அவர்களுக்கு எட்டும் நிலம்தான் குறைவு என்பது இவர்கள் வாதம். மொன்டானாவைப் பார்த்தால் இதில் நிறைய உண்மை தெரிகிறது. அங்கே மத்தியிலும் கிழக்கிலும் பல மாவட்டங்களில் எல்க் மான்கள் துறை வைத்த இலக்கையும் தாண்டி இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் தனியார் பண்ணைகளில். ரைஃபிள் சத்தம் தொடங்கியதும் மான்கள் பொது நிலத்தைக் காலி செய்துவிட்டு, சுட ஆளில்லாத பண்ணைக்குள் போய் நின்றுகொள்ளும். சீசன் முடிந்தால் திரும்பும். அந்தப் பழக்கத்தைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. எனவே மேற்கு மொன்டானாவின் பொது நிலத்தில் அலைந்து வெறுங்கையோடு திரும்புகிறவர் மான் அழிந்துவிட்டது என்கிறார். கிழக்கே பண்ணைக்காரர் வைக்கோல் போரெல்லாம் மான் தின்றுவிட்டது என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இதற்கு மொன்டானாவின் பதில், பண்ணைக்காரருக்குப் பணம் கொடுத்துப் பொதுமக்களை வேட்டைக்கு விடச் செய்யும் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம். ஏறக்குறைய 70 லட்சம் ஏக்கர் அதில் இருக்கிறது. தானாக முன்வருகிற பண்ணைகள்தான் என்பதால் மான் அதிகம் நிற்கும் பெரிய பண்ணைகள் பல இதில் சேருவதில்லை. அவர்கள் தனியாக வேட்டை வழிகாட்டிகளுக்குக் குத்தகை விட்டு இதைவிட அதிகம் சம்பாதிக்க முடியும்.

வயோமிங்கில் நடந்தது இன்னும் சுவாரசியம். அந்தப் பக்கம் நிலம் சதுரங்கப் பலகைபோல் பிரிந்து கிடக்கிறது: ஒரு கட்டம் அரசுடையது, ஒரு கட்டம் தனியாருடையது. ரயில் பாதை போட்ட காலத்து ஏற்பாடு. இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்த மூலையைத் தாண்டினால் கால் தரையில் படாவிட்டாலும் உடம்பு தனியார் நிலத்தின் ஆகாயத்தில் புகுகிறதே, அது அத்துமீறல்தானே என்பது கேள்வி. எல்க் மவுண்டன் பகுதியில் மிசூரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் முதல் வருடம், மூலையில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த எச்சரிக்கைக் கம்பங்களைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021-இல் வீட்டிலிருந்தே ஓர் இரும்பு ஏணி செய்து எடுத்துவந்து, அரசு நிலத்தில் ஒரு காலும் அடுத்த அரசு நிலத்தில் மறு காலுமாக நிறுத்தி ஏறி இறங்கினார்கள். குற்ற வழக்கில் ஜூரி விடுவித்தது. அந்தத் தனியார் கட்டங்களை வைத்திருந்த பண்ணை தொடுத்த சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே நின்றது. அதற்கு எடுத்துக்கொண்ட ஆதாரம், பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்கிற 1885-ஆம் வருட வேலிச் சட்டம். அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. மேற்கு மாநிலங்களில் இப்படி மூலைகளுக்குப் பின்னால் சிக்கிய பொது நிலம் 80 லட்சம் ஏக்கருக்கு மேல். மொன்டானா, ஐடஹோ அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது என்பதால் அங்கே விஷயம் இன்னும் இழுபறிதான்.

முதல் கேள்விக்கு, அதாவது கூட்டத்துக்கு, இந்த வழி குலுக்கலைவிட நேர்மையான பதில் தருகிறது. யாரையும் வெளியே நிறுத்தாமல் ஆட்களைப் பரப்பிவிடுகிறது. ஆனால் மானுக்கு அந்த மூலைகள் இதுவரை அடைக்கலமாக இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயும் ஆள் வந்தால் அது இன்னும் உள்ளே, இன்னும் பெரிய பண்ணைக்குத்தான் போகும்.

குட்டிகள் எங்கே போகின்றன

இதுவரை சொன்ன எதுவும் இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லை. ஒரு மந்தை வளருமா தேயுமா என்பதைக் கணக்குப் போட, 100 பெண் மானுக்கு எத்தனை குட்டி என்று பார்ப்பார்கள். பெண் எல்க் வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும், மே கடைசியிலும் ஜூனிலும். கொலராடோவின் தென்மேற்கில் ஒருகாலத்தில் 50-ஐத் தொட்ட அந்த எண்ணிக்கை வெகுவாக இறங்கியிருக்கிறது. இதற்கு ஓநாய்தான் காரணம் என்று சொல்வது இப்போது சுலபமாகிவிட்டது. ஆனால் கொலராடோவில் ஓநாய்களை விட்டதே 2023 டிசம்பரில்தான். குட்டிகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன.

கொலராடோவின் வேல் (Vail) என்ற மலையூர்ப் பகுதியில் 1990-களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. குட்டி போடும் பருவத்தில், காலர் மாட்டிய பெண் மான்களை நோக்கி ஆட்கள் வேண்டுமென்றே நடந்து போனார்கள். சுடவில்லை, துரத்தவில்லை, நடைபயணிபோல நெருங்கினார்கள், அவ்வளவுதான். அந்த மந்தையில் குட்டி விகிதம் இறங்கியது. தொந்தரவை நிறுத்தியபின் மறுபடி ஏறியது. ஒரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டிலும் நடைபயணம், குதிரை, மலை சைக்கிள், காட்டுப்பாதையில் ஓட்டும் நாலு சக்கர ஏடிவி வண்டி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் விட்டு மான் விலகியது. வண்டியைக் கண்டு இன்னும் அதிகமாக.

ஐடஹோவின் லோலோ பகுதி இன்னொரு பாடம். 1980-களின் கடைசியில் அங்கே சுமார் 16,000 மான்கள். 2010 கணக்கெடுப்பில் 2,000-க்குச் சற்று மேல். ஓநாய், கரடி, மலைச்சிங்கம் மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. 1996-97 குளிர்காலமும் அடித்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே மேய்ச்சல் போய்க்கொண்டிருந்தது. 1910-இல் அந்தப் பக்கம் எரிந்த பெருந்தீயும் அதற்குப் பின் வந்த தீக்களும் விட்டுச்சென்ற புதர்க்காட்டில்தான் அந்த மந்தை பெருகியது. புதர் மரமாகி வானத்தை மூடிவிட்டது. அங்கே டேக்கை எவ்வளவு குறைத்தாலும் புதர் திரும்பி வராது.

எனவே மந்தைக்கென்று தனியாக மூன்று வேலை. பெண் மான் டேக்கைக் குறைப்பது முதல் வேலை. 2022-23 குளிர்காலம் வடமேற்கு கொலராடோவைப் புரட்டிப் போட்டபோது துறை லைசென்ஸ்களை வெகுவாக வெட்டியது. குட்டி போடும் பருவத்தில் மலைப்பாதைகளை ஜூன் வரை மூடுவது இரண்டாவது. மேய்ச்சலுக்காகக் காட்டைத் திறந்துவிடுவது, அதாவது கட்டுப்படுத்தி எரிப்பது, மூன்றாவது. வயோமிங்போல குளிர்காலத்தில் தீவனம் போட்டு எண்ணிக்கையைத் தூக்கிப் பிடிப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. நெருக்கி நின்று தின்னும் இடத்தில்தான் சிடபிள்யூடி என்ற மூளைநோய் பரவ வசதி அதிகம்.

ஒரு மாநிலம் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்றால், வெளிமாநிலத்தாருக்கு ரைஃபிளையும் சேர்த்து எல்லா யூனிட்டிலும் பாயிண்ட் இல்லாத குலுக்கல் என்பதே என் ஓட்டு. அதோடு ஜூன் வரை பாதை மூடல். மூடல்தான் கடினம், ஏனென்றால் அதை எதிர்ப்பவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. சைக்கிளும் நாயுமாக வாரக்கடைசியில் மலைக்கு வருகிற நகரத்து ஆட்கள். வெளிமாநில 700 டாலர்கள் குறைந்தால் துறையின் கல்லாவில் விழும் ஓட்டையை யார் அடைப்பது என்ற கேள்வியும் அவர்களிடமே போய் நிற்கிறது. கொலராடோ 2023-இலிருந்து வண்டிப் பதிவோடு சேர்த்து 29 டாலர் பூங்கா பாஸ் கட்டணம் வாங்குகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் எல்லோரும் கட்ட வேண்டியதுதான். பெரும்பகுதி மாநிலப் பூங்காக்களுக்குப் போகிறது. அதில் எல்க் குட்டிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.