பவர் பிஐ மேட்ரிக்ஸ்: மாகாண வரியில் ஒரு எண், கிளை வரியில் வேறு எண்

கொழும்பில் விற்பனை அறிக்கை தயாரிப்பவர்களுக்கு மாகாணம், மாவட்டம், கிளை என்ற மூன்று அடுக்கும் அன்றாடம் பழகியவை. மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐயின் மேட்ரிக்ஸ் (அடுக்கடுக்கான அட்டவணை) அவற்றை அழகாக விரித்துச் சுருக்கும். எந்த அடுக்கில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புறக்கோட்டையில் 100 கிலோ அரிசி கிலோ 220 ரூபாவுக்கும், வெள்ளவத்தையில் 300 கிலோ 260 ரூபாவுக்கும் விற்றதாக வையுங்கள். விலை நிரலை அப்படியே இழுத்துப் போட்டால் கொழும்பு மாவட்ட வரியில் 480 நிற்கும். சராசரிக்கு மாற்றினால் 240. இரண்டுமே பிழை. மொத்த விற்பனையை மொத்தக் கிலோவால் வகுக்கும் மெஷர் (ஒவ்வொரு வரிக்கும் கணக்கிடும் சூத்திரம்) எழுதினால்தான் சரியான 250 கிடைக்கும். மாகாண வரியில் விலையே வேண்டாம் என்றால் வரி உபமொத்தத்தை அந்த அடுக்குக்கு நிறுத்தலாம். ஆனால் விற்பனைத் தொகையும் கூடவே மறைந்துவிடும். இந்த அமைப்பில் மெஷர் வாரியாக நிறுத்த முடியாது.

அதற்கு மருந்து, 2018 நவம்பரில் வந்த இஸ்இன்ஸ்கோப் (ISINSCOPE). இப்போதைய வரியில் ஒரு அடுக்கு இருக்கிறதா என்று உண்மை, பொய் சொல்லும் ஃபங்ஷன் அது. முதலில் உண்மையாகும் நிபந்தனையின் விடையைத் தரும் ஸ்விட்ச்சுக்குள் (SWITCH) கிளை, மாவட்டம், மாகாணம் என்று கீழிருந்து மேலாக எழுதுங்கள். கிளை வரியில் மாவட்டமும் மாகாணமும்கூட உண்மை என்றே வரும். மாகாணத்தை முதலில் வைத்தால் எல்லா வரியும் அங்கேயே நின்றுவிடும். நிரலில் ஒரே மதிப்புதான் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய ஹாஸ்ஒன்வேல்யூவை (HASONEVALUE) நம்ப வேண்டாம். வட மாகாணத்தில் யாழ்ப்பாணத்தில் மட்டும் கிளை இருந்தால், மாகாண வரியையும் அது மாவட்டம் என்றே எடுத்துக்கொள்ளும்.

இஸ்இன்ஸ்கோப் ஸ்லைசரை (பக்கத்திலுள்ள வடிகட்டிப் பெட்டியை) பார்ப்பதில்லை. கொழும்பைத் தெரிவு செய்தாலும், ஒற்றை எண்ணைக் காட்டும் கார்டில் அதே மெஷர், எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது ஸ்விட்ச் தரும் கடைசி விடைக்கே போகும். மேட்ரிக்ஸில் போட்ட அதே அட்டவணையின் நிரலைத்தான் சூத்திரத்திலும் குறிப்பிட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து அட்டவணை வேறானால் வேலை செய்யாது.

அடுக்குக்கு ஏற்ற எண் வடிவத்துக்கு ஃபார்மட் ஃபங்ஷனைத் தொடாதீர்கள். எண் எழுத்தாகிவிடும், வரிசைப்படுத்தினால் 1,000க்குப் பிறகு 90 வரும், வரைபடமும் வராது. எண்ணை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும், மெஷரின் டைனமிக் ஃபார்மட்டில் அதே இஸ்இன்ஸ்கோப்பை வைத்து, கிளைக்கு "#,0", மாகாணத்துக்கு "0.0,," கொடுங்கள். இரண்டு காற்புள்ளி மில்லியனாக்கும். இலட்சத்துக்கு மட்டும் இந்த வழி இல்லை. காற்புள்ளி ஆயிரம் ஆயிரமாகத்தான் குறைக்கும். இலட்சக் கணக்கு கேட்கும் முதலாளிக்கு மெஷரையே 1,00,000ஆல் வகுத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். பகிர்வதற்கான ப்ரோ உரிமம் 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டொலர். சாதாரணமாக அறிக்கையைத் திறந்து பார்ப்பவருக்கும் அந்த உரிமம் வேண்டும்.