மொரிஷியஸில் ஒரு நாள் மிச்சமிருந்தால்: கோடானா, கிராண்ட் பேயா?

மொரிஷியஸ் கிளம்பும் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது: "கடலோரமா நடந்து, நாலு கடை பார்த்து, சாப்பிட்டுட்டு வர எது நல்ல இடம்?" பதிலாக இரண்டு பெயர்கள் வரும். தலைநகர் போர்ட் லூயியில் துறைமுகத்தை ஒட்டிய கோடான் வாட்டர்ஃபிரன்ட் ஒன்று, வடக்கே கிராண்ட் பே இன்னொன்று. நடுவே 25 கி.மீ. அளவுதான் தூரம். ஆனாலும் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று ஓடினால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

என் ஓட்டு கோடானுக்கு. அது கடைகளுக்காக இல்லை.

கடைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கோடான் 1996-ல் திறந்த வளாகம். துணிமணி, டோடோ பறவைப் பொம்மை, வனிலா மணக்கும் தேயிலை, சினிமா, கேசினோ எல்லாம் உண்டு. கிராண்ட் பேயில் கடற்கரைச் சாலையை ஒட்டியே கடைகள். கொஞ்சம் உள்ளே போனால் லா குருவாசெட் என்ற பெரிய மால். இரண்டு இடத்திலும் சுற்றுலாப் பயணிக்கான விலைதான். ஊருக்கு எடுத்துவர ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், மரத்தில் செய்த பாய்மரக் கப்பல் மாதிரியைச் சொல்வேன். விரல் நுனி அளவு கப்பிகளில்கூட நூல் கோத்திருப்பார்கள். அந்தத் தீவின் கைவேலைக்குப் பேர் வாங்கித் தந்தவை இவை.

குளிக்க வேண்டும், பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிராண்ட் பே போங்கள். கோடானில் இருப்பது துறைமுகத் தண்ணீர், காலைக்கூட நனைக்க முடியாது. கிராண்ட் பேயிலும் விரிகுடா முழுக்கப் படகுகள் நிற்பதால், நீந்துவதற்கு லா குவெட் கடற்கரையோ, சற்றுத் தள்ளியிருக்கும் பெரபேரோதான் வசதி. வடக்குத் தீவுகளுக்குப் போகும் கட்டமரான் படகுகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இரவு கலகலப்பும் இங்கேதான். போர்ட் லூயி அலுவலகம் விட்டதும் அடங்கிவிடும் ஊர்.

அப்புறம் ஏன் கோடான்? முதல் காரணம் அதற்குள்ளேயே இருக்கும் ப்ளூ பென்னி அருங்காட்சியகம். 1847-ல் மொரிஷியஸ் வெளியிட்ட, 'போஸ்ட் ஆபீஸ்' என்று அச்சிட்ட இரண்டு தபால்தலைகள் அங்கே இருக்கின்றன, உலகிலேயே மிக அரிதானவற்றில் சேர்ந்தவை: ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பென்னி, கருநீலத்தில் இரண்டு பென்னி. 1993-ல் அந்நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 20 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறந்த மண்ணுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் மணிக்கு ஒருமுறை, 25-வது நிமிடத்திலிருந்து 35-வது நிமிடம் வரை மட்டும் அசலுக்கு விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரம் நகல்தான். மங்கிய அறையில் காத்திருந்து, விளக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தக் காகிதத்துண்டைக் குனிந்து பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் கிடையாது; கடைகளும் அன்று மதியத்தோடு மூடிவிடும். அதனால் வாரநாளாகப் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது காரணம், சாலைக்கு அந்தப் பக்கம் நடை தூரத்தில் இருக்கும் மத்திய பஜார். வளாகத்துக்குள் சாப்பிடாமல் பசியோடு இங்கே வாருங்கள். டால் பூரி இரண்டு இரண்டாகத்தான் தருவார்கள். நடுவே பட்டர் பீன்ஸ் குழம்பும் தக்காளித் தொக்கும் ஊறுகாயும் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். 'காத்தோ பிமா' என்ற மிளகாய்ப் பலகாரத்தைக் கடித்த என் அம்மா, "இது நம்ம பருப்பு வடைதானே, சின்னதா உருட்டியிருக்காங்க" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. வெயிலுக்கு அலூடா குடியுங்கள்: குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடற்பாசியும். காசு கொடுக்கும்போது நோட்டை ஒரு நிமிடம் பாருங்கள், தொகை தமிழிலும் இருக்கும். 1998-ல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள்; கடைசியில் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். அதே துறைமுகக் கரையில் வடக்கே நடந்தால் ஆப்பிரவாசி காட். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் கப்பலிறங்கிய இடம், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சென்னை மாகாணத்திலிருந்து போன நம் மக்களும் இதே கருங்கல் படிகளில்தான் ஏறினார்கள். கட்டணம் இல்லை. கடை பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

போக்குவரத்திலும் கோடானுக்கே சாதகம். தீவின் நடுப்பகுதி ஊரான கியூர்பீப் பக்கம் தங்கியிருந்தால் மெட்ரோவிலேயே வந்து விக்டோரியா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கிராண்ட் பேக்கு மெட்ரோ இல்லை, பேருந்தோ காரோதான்.

ஒரு எச்சரிக்கை. கோடானையும் நகரத்தையும் இணைக்க நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்க நடைபாதை உண்டு. 2013 மார்ச் 30 அன்று கொட்டிய மழையில் போர்ட் லூயியில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் அந்த நடைபாதையில் வெள்ளம் புகுந்து மாட்டிக்கொண்டவர்கள். அங்குள்ள கோடை மழைக்காலத்தில் (நவம்பர் முதல் ஏப்ரல் வரை) போயிருந்து வானம் இருட்டினால், சுரங்கத்தில் இறங்காதீர்கள். மேட்டில் ஏதாவது கட்டடத்தில் ஒதுங்கி, மழை விட்ட பிறகு கிளம்புங்கள்.